எங்கள் வீட்டு மீன்தொட்டியும் பேசும் பெட்டியும்

மகன் 2023ஆம் ஆண்டு மேற்படிப்புக்காகக் கனடாவுக்குப் புறப்பட்டபோது எங்களிடம் விட்டுச்சென்ற பொருட்களுள் உயிருள்ளது அவனுடைய மீன்தொட்டி ஒன்றுதான். துடுப்பாட்ட மட்டை, கிற்றார், உயர்தரப் பரீட்சைக்கு எழுதிய கொப்பிகள் எல்லாம் இரண்டு அட்டைப்பெட்டிகளுக்குள் அடங்கிவிட்டன. தொட்டியை அவ்வாறு கட்டி மேலே தூக்கிவைக்க இயலவில்லை. மூன்றடி நீளமும் ஒன்றேகால் அடி அகலமும் ஒன்றேகால் அடி உயரமும் கொண்ட அந்தக் கண்ணாடித்தொட்டி, ஏறக்குறைய 130 லீற்றர் நீருடன், வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டு வரவேற்பறையின் ஒரு சுவரை முழுவதாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எனது புத்தக அலுமாரி நின்ற இடம் அது.

மீன்களைப் பற்றியும் சொல்லவேண்டும். வண்ணமீன் கடைகளில் வழக்கமாகக் காணப்படும் தங்கமீன், ஏஞ்சல் எதையும் அவன் வாங்கவில்லை. இலங்கைக்கே உரித்தான இரண்டு வகைகளைத்தான் வளர்த்தான். ஒன்று, சிங்களத்தில் ‘லே தித்தெயா’ எனப்படும் செரி பார்ப். 1929ஆம் ஆண்டு தெரணியகல இதனை விஞ்ஞான உலகுக்கு அறிமுகப்படுத்தியபோது அந்தச் சிங்களப் பெயரையே இலத்தீன் பெயரின் பின்பாதியாக வைத்தார். மற்றையது பிளக் றூபி பார்ப். அதற்குச் சிங்களத்தில் ‘புலத் ஹபயா’ என்று பெயர். வெற்றிலை சப்புபவன் என்பது பொருள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண்மீனின் தலைப்பக்கம் வெற்றிலைச் சாறு ஊறிய வாயைப்போலச் சிவந்துபோவதைக் கண்ட கிராமத்தவர் யாரோ வைத்த பெயராக இருக்கவேண்டும். இரண்டும் தென்மேற்கு ஈரவலயத்தின் நிழலான சிற்றோடைகளில் வாழ்பவை. உலகெங்கும் வண்ணமீன் கடைகளில் இவற்றின் பண்ணைக் குஞ்சுகளைக் காணலாம். ரொறன்ரோவில் ஒரு கடையில் இவற்றைக் கண்டுவிட்டு மகன் படம் எடுத்து அனுப்பினான். ஊரவரைக் கண்ட சந்தோஷம் அவனுக்கு.

எங்கள் தொட்டியிலிருந்த 34 மீன்களுட் பாதிக்குமேல் அவன் முட்டையிலிருந்து வளர்த்தெடுத்தவை. அவை பொரித்தது 2022ஆம் ஆண்டின் முதற்பகுதியில். அந்த மாதங்களை இலங்கையர் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை. அச்சுத்தாள் இல்லாமல் பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தன. நாட்டை ஆங்கில எழுத்துகளால் வலயங்களாகப் பிரித்து, எந்த எழுத்துக்கு எத்தனை மணிக்கு இருட்டு என்று நாங்கள் தினமும் அட்டவணை வெளியிட்டோம். மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது.

மின்சாரம் நின்றால் தொட்டியின் வடிகட்டி நின்றுவிடும். நீர் அசையாவிட்டால் காற்றிலிருந்து அதற்குள் சேரும் ஒட்சிசன் குறைந்துபோகும். அதற்கு அப்போது நாங்கள் கண்ட வழி செம்புதான். தொட்டியிலிருந்து ஒரு செம்பு நீரை மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து மறுபடியும் தொட்டிக்குள்ளேயே ஊற்றுவது. “அப்பா, கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா இருபது செம்பு காணும்” என்பான் மகன். இரவில் முதற்பாதி அவனும் பிற்பாதி நானும் என்று முறைவைத்துக்கொண்டோம். கைத்தொலைபேசி வெளிச்சத்தில் நீரை ஊற்றிக்கொண்டு, அரசியல் பேசிக்கொண்டு, சில நாட்களில் ஒன்றுமே பேசாமல், அந்த இரவுகள் கழிந்தன. பத்திரிகை வேலை காரணமாக அவனுடைய பிள்ளைப்பருவத்தின் இரவுகளில் பெரும்பாலானவற்றில் நான் வீட்டில் இருந்ததில்லை. அந்த நிலுவையில் ஒரு பகுதியையாவது மின்வெட்டு எனக்குத் திருப்பித் தந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவ்வளவு நீண்ட மின்வெட்டிலும் ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை.

அவன் போனபின்னர் நிலைமை மாறியது. மின்வெட்டு ஓய்ந்துவிட்டது, ஆனால் தொட்டியைக் கவனிக்க ஆளில்லை. எனது முதுகுவலி பிரசித்தமானது. பிளக் பொயின்ற்கள் இருப்பதோ தொட்டி வைத்த அலுமாரியின் பின்பக்கம், தரையோடு ஒட்டி. மனைவி பாடசாலைக்குப் போய்விடுவார். என் அம்மாவுக்கு அப்போது 81 வயது. குனிந்தால் நிமிர்வது அவருடைய கையில் இல்லை. காலையில் போட்ட விளக்கை இரவு நான் வேலையால் வந்துதான் அணைப்பேன். பதினான்கு, பதினைந்து மணித்தியாலம் வெளிச்சம் விழுந்தால் கண்ணாடியில் பாசி படியாமல் என்ன செய்யும்? வீடியோ அழைப்பில் பச்சைக் கண்ணாடியைக் கண்ட மகன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் கொழும்புக்கு வந்த நண்பனொருவனிடம் ஒரு பொதியைக் கொடுத்தனுப்பினான்.

பொதிக்குள் இருந்தவை: சிரட்டையளவான ஒரு பேசும் பெட்டி, நான்கு ‘ஸ்மார்ட் பிளக்’, பற்றரியில் இயங்கி நாளுக்கு இருமுறை உணவு போடும் சிறு கருவி. எந்த நிறுவனத்தின் தயாரிப்புகள் என்பதை எழுதாமல் விடுகிறேன். இங்கே சொல்லப்போவதற்கு அது அவசியமில்லை.

இவற்றை அறியாத வாசகர்கள் இருக்கக்கூடும் என்பதால் சிறிது விளக்கிவிடுகிறேன். ஸ்மார்ட் பிளக் என்பது சுவரிலுள்ள பிளக் பொயின்ற்றுக்கும் நமது கருவியின் வயருக்கும் இடையில் செருகப்படும் ஒரு சிறு துண்டு. அதற்குள் மின்காந்தத்தால் திறந்து மூடும் ஒரு ஆளியும், வீட்டு வைஃபையுடன் பேசும் ஒரு சில்லும் உண்டு. கைத்தொலைபேசியிலுள்ள செயலி மூலம் உலகின் எந்த மூலையிலிருந்தும் அதனைத் திறக்கலாம், மூடலாம். ‘காலை 10 மணிக்குப் போடு, மாலை 6 மணிக்கு அணை’ என்று நிரந்தரக் கட்டளையும் கொடுத்துவைக்கலாம். பேசும் பெட்டி இதற்கு வாயும் காதும். நான் பெட்டியிடம் ஒரு வசனம் சொன்னால் அது கடல் கடந்து எங்கோ இருக்கும் கணினிக்குச் சென்று எழுத்தாகி, பொருள் கொள்ளப்பட்டு, அங்கிருந்து பிளக் தயாரித்தவர்களின் கணினிக்குக் கட்டளையாகச் சென்று, அது மீண்டும் வெள்ளவத்தைக்கு வந்து, எனக்கு இரண்டடி தூரத்திலுள்ள விளக்கை எரியவைக்கிறது. இத்தனையும் ஒரு பெருமூச்சு விடும் நேரத்துக்குள். அலுமாரிக்குப் பின்னால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அவ்வளவுதான்.

வீடுகளுக்கென வந்த இத்தகைய பெட்டிகளுள் முதலில் பரவலாக அறியப்பட்டது அமேசன் நிறுவனம் 2014இல் வெளியிட்ட எக்கோ. அதனுள்ளிருந்து பேசும் அலெக்சாவுக்குப் பழைய அலெக்சாந்திரியா நூலகத்தை நினைவூட்டும் வகையில் அப்பெயர் வைக்கப்பட்டதாக அதனை உருவாக்கியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1981இல் நூலகம் எரிந்த ஊரில் வளர்ந்தவன் நான். அந்தத் தகவலை இரண்டு தடவை வாசித்தேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. 1990 ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கியபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற்போனது. நான் பல்கலைக்கழகத்தில் படித்ததும் பத்திரிகைத் தொழிலைத் தொடங்கியதும் அந்த இருட்டில்தான். ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சையும் மண்ணெண்ணெயையும் விட்டுத் திரியைக் கொளுத்தினால் அது விளக்கு. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து மற்றவர்கள் வானொலியில் பி.பி.சி. தமிழோசை கேட்டோம். சுற்றுகிறவனுடைய கை தளர்ந்தால் செய்தியும் தளர்ந்துபோகும். மின்சாரத்தைக் கையாலே சுற்றிப் பெற்ற ஒருவன், வாயாலே சொல்லி விளக்கேற்றும் காலம்வரை வந்துவிட்டேன். பெட்டியைப் பொருத்திய அன்று மாலை, ஒரு காரணமும் இல்லாமல் அந்த விளக்கைப் பத்துத் தடவை போட்டு அணைத்தேன் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

பொருத்துவது சொல்வதுபோல் இலகுவாக இருக்கவில்லை. அனுப்பிய பிளக்கின் கால்கள் சதுரம். எங்கள் பழைய சுவரிலிருந்த துளைகள் வட்டம். வடிகட்டியின் வயருக்குத் தட்டைக் கால்கள். மூன்றையும் ஒன்றோடொன்று இணங்கவைப்பது நமது நாட்டின் அரசியல் தீர்வைப்போன்றது. கடைசியில் மின்சாரவேலை தெரிந்த ஒருவரை அழைத்துச் சுவரிலேயே சதுரத்துளைப் பொயின்ற்கள் போடுவித்தோம். அவர் நல்லதொரு பாடமும் சொன்னார். தொட்டியிலிருந்து வரும் ஒவ்வொரு வயரும் பொயின்ற்றுக்குச் செல்லுமுன் ஒரு சாண் கீழே தொங்கி வளைந்துதான் மேலேறவேண்டும். வயர் வழியே வழிந்துவரும் நீர் அந்த வளைவில் சொட்டி விழுந்துவிடும், பொயின்ற்றுக்குள் போகாது. மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் ஒருதடவை எழுந்துபோய்ப் பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது மொழி. எங்கள் பெட்டிக்குத் தமிழ் விளங்காது. ஆங்கிலத்திலும் எங்கள் ஆங்கிலம் விளங்காது. விளக்குக்கு ‘டாங்க் லைற்’ என்று பெயர் வைத்திருந்தான் மகன். நான் சொன்ன ‘டாங்க்’கை நன்றி தெரிவித்ததாக எடுத்துக்கொண்ட பெட்டி மிகுந்த பணிவோடு பதில் சொன்னது. விளக்கு எரியவில்லை. அம்மாவோ அதனை ஒரு பெண்பிள்ளையாகவே முடிவுசெய்துவிட்டார். “பிள்ளை, மீனுக்கு லைற்றைப் போடணை” என்று கேட்டுப் பார்த்தார். பிள்ளை பேசாமல் இருந்தது. “சரியான எடுப்புப் பிடிச்சதாய் இருக்கு” என்றார் எங்களிடம். பின்னர் மகன் அங்கிருந்தபடியே விளக்கின் பெயரை ‘ஓஷன்’ என்று மாற்றிவிட்டான். அப்பம்மாவுக்கு ‘ஓஷன் ஓன்’, ‘ஓஷன் ஓஃப்’ என்ற இரண்டே வசனங்களைப் பாடமாக்குவித்தான். எண்பத்தொரு வயதில் அவர் ஆங்கிலத்தில் கட்டளையிடத் தொடங்கியதும், வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் செய்துகாட்டத் தொடங்கியதும், இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

நேர்மையாகச் சொல்வதானால், அந்தப் பொதியால் பெரிய நன்மை கிடைத்தது. விளக்கு எட்டு மணித்தியாலத்துக்குமேல் எரியாததால் இரண்டு மாதத்தில் பாசி ஒழிந்தது. முட்கள் கொண்ட பழைய சுழல் ரைமரை வாங்கியிருந்தாலும் இது நடந்திருக்கும், ஆனால் மின்சாரம் ஒரு மணித்தியாலம் நின்றால் அந்த ரைமரும் ஒரு மணித்தியாலம் பிந்திவிடும். ஸ்மார்ட் பிளக் நேரத்தை இணையத்திலிருந்து எடுத்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. நமது நாட்டுக்கு அது சிறிய விடயமன்று. எனது முதுகு தப்பியது. இன்னொன்றையும் நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் மின்சாரம் போனால் ரொறன்ரோவிலுள்ள மகனின் செயலியில் பிளக்குகளின் பச்சைப் புள்ளி மறைந்துவிடும். “அப்பா, கரண்ட் போட்டுதோ?” என்று உடனே அழைப்பான். “ஓம் தம்பி, இப்பதான் போனது.” ஒன்பதரை மணித்தியால நேர வித்தியாசத்தில் இருக்கும் பிள்ளைக்கு, வீட்டில் விளக்கு அணைந்தது தெரிகிறது. அந்த அழைப்புக்காகவே மின்சாரம் போகட்டும் என்று நினைத்த நாட்களும் உண்டு.

விளக்கோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வடிகட்டியையும் இன்னொரு ஸ்மார்ட் பிளக்கில் செருகினோம். மாதமொருமுறை அதைக் கழுவும்போது குனியாமல் நிறுத்துவதற்கு வசதி என்று நான்தான் கேட்டேன்.

2024 ஆவணியில் நல்லூர்த் தேருக்காகக் குடும்பமாக யாழ்ப்பாணம் போனோம். வியாழன் இரவு புறப்பட்டுத் திங்கள் விடியத் திரும்புவதாக ஏற்பாடு. முன்னரெல்லாம் வெளியூர் போவதென்றால் மேல்மாடியிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவோம். டீச்சர் காலையும் மாலையும் இறங்கிவந்து மீனுக்கு ஒரு சிட்டிகை தீன் போட்டு, சாமிப்படத்துக்கு முன் விளக்கும் ஏற்றிவிட்டுப் போவார். அம்முறை சாவி கொடுக்கவில்லை. உணவு போடக் கருவி இருக்கிறது, விளக்குக்குக் கட்டளை இருக்கிறது, கண்காணிக்கக் கனடாவில் மகன் இருக்கிறான். வயதான ஒருவரை ஏன் படியிறங்கவைக்க வேண்டும் என்று மனைவியிடம் பெருமையாகவே சொன்னேன்.

வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணியளவில் ஒழுங்கையில் மரக்கிளையொன்று மின்கம்பி மீது விழுந்து மின்சாரம் நின்றது. முக்கால் மணித்தியாலத்தில் திரும்பிவந்தது. மகன் அழைத்தான். நாங்கள் கோயில் வீதியில் நின்றோம். சிறிது நேரத்தில் மறுபடி அழைத்து, “எல்லாம் பச்சையாயிட்டுது அப்பா, பிரச்சினையில்லை” என்றான். சனியும் ஞாயிறும் அவன் பார்த்த போதெல்லாம் நான்கு பிளக்கும் பச்சை. காலை பத்து மணிக்கு விளக்கு எரிந்ததாகவும் மாலை ஆறுக்கு அணைந்ததாகவும் பதிவு இருந்தது.

திங்கள் காலை ஐந்து மணிக்குக் கதவைத் திறந்ததும் நாற்றந்தான் முதலில் வந்தது. தொட்டி நீர் கழுநீர் போலக் கலங்கியிருந்தது. நான்கு மீன்கள் செத்து மிதந்தன. மிகுதி முப்பதும் நீரின் மேற்பரப்பில் வாயை வைத்துக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. வடிகட்டியின் சத்தமில்லை. உணவுக் கருவி மட்டும், பற்றரியில் இயங்குவதால், மின்வெட்டையே அறியாமல், ஈரத்தில் கட்டிபட்ட தீனை வேளை தவறாது அந்த அசையாத நீருக்குள் கொட்டிக்கொண்டிருந்தது.

அடுத்து நான் செய்ததை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரையை எழுதியும் பயனில்லை. தோளிலிருந்த பையைக் கூட இறக்காமல் “பில்ற்றர் ஓன்” என்றேன். டிக் என்றது. குழாய் வழியே கறுப்பாக ஏதோ தொட்டிக்குள் பீறிட்டது.

எங்களுடையது தொட்டிக்குக் கீழே அலுமாரிக்குள் வைக்கப்படும் மூடிய உருளை வகை வடிகட்டி. அதிலுள்ள கடற்பஞ்சுகளிலும் வளையங்களிலும் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும் அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுவது அவைதான். ஒரு தொட்டியின் உண்மையான உயிர் அதற்குள்ளேதான் இருக்கிறது. அவற்றுக்கும் ஒட்சிசன் வேண்டும். நீரோட்டம் நின்றால், காற்றுப்புகாத அந்த உருளைக்குள் சில மணித்தியாலங்களிலேயே அவை இறக்கத் தொடங்கிவிடும். இரண்டரை நாள் கழிந்தால் உள்ளே இருப்பது வெறும் அழுகல்நீர். அப்படிப்பட்ட வடிகட்டியைக் கழற்றி, உள்ளேயிருக்கும் நீரை வெளியே ஊற்றி, பஞ்சுகளை அலசிய பின்னர்தான் இயக்கவேண்டும். எனக்கு அது தெரியாததல்ல. 2022இல் மகன் எத்தனையோ தடவை சொல்லித்தந்ததுதான். குனிந்து, அலுமாரியைத் திறந்து, கையால் போடவேண்டியிருந்திருந்தால் அந்த உருளையின் நாற்றம் மூக்கில் அடித்திருக்கும். யோசித்திருப்பேன். வாயால் சொன்னதால் யோசிக்கவில்லை.

நண்பகலுக்குள் பெரும்பாலானவை போய்விட்டன. மூன்று வாளி புதுநீர் மாற்றியும், மனைவியும் நானும் மாறிமாறிச் செம்பால் ஊற்றியும், மாலையில் எஞ்சியவை பதினொன்று. முட்டையிலிருந்து வளர்ந்தவற்றுள் தப்பியவை ஐந்து.

காரணம் பிறகுதான் விளங்கியது. மின்சாரம் நின்று மீண்டும் வரும்போது ஒரு ஸ்மார்ட் பிளக் என்ன செய்யவேண்டும் என்பதற்கு மூன்று தெரிவுகள் இருக்கின்றன. திறந்த நிலையில் எழுவது, மூடிய நிலையில் எழுவது, போகுமுன் இருந்த நிலைக்குத் திரும்புவது. எங்களுடையது தொழிற்சாலையிலிருந்து வந்தபடி ‘மூடிய நிலை’யில் இருந்தது. அதிலும் நியாயம் உண்டு. ஆளில்லாத வீட்டில் துணிமடிக்கும் ஸ்திரிக்கைப்பெட்டியோ அடுப்போ மின்சாரம் வந்ததும் தானாகச் சூடேறக்கூடாது. ஸ்திரிக்கைப்பெட்டிக்குச் சரியானது வடிகட்டிக்கு எமனாயிற்று. விளக்கு தப்பியதற்குக் காரணம், தினமும் பத்து மணிக்கு ‘எரி’ என்ற கட்டளை அதற்கு இருந்தது. எப்போதும் ஓடவேண்டியது என்பதால் வடிகட்டிக்கு ‘ஓடு’ என்று நாங்கள் எந்த நேரத்துக்கும் கட்டளை கொடுத்திருக்கவில்லை. பச்சைப் புள்ளிக்கோ, பிளக் இணையத்தோடு பேசிக்கொண்டிருக்கிறது என்பதுதான் பொருள். அது வடிகட்டிக்கு மின்சாரம் கொடுக்கிறதா என்பதை அறிய அதைத் தொட்டு உள்ளே போய்ப் பார்க்கவேண்டும். பத்திரிகையில் இரவுப் பொறுப்பாசிரியராக இருந்த பெரியவர் ஒருவர், அச்சு இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டாலும் முதற்பிரதியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் வீட்டுக்குப் போகமாட்டார். அவரிடம் எட்டு வருடம் வேலை பழகியவன் நான்.

மகனிடம் சொல்வதை மாலைவரை தள்ளிப்போட்டேன். சொன்னதும் சிறிது நேரம் சத்தமில்லை. “எத்தினை அப்பா?” என்றான். சொன்னேன். “நான் ரெண்டு நாளும் அந்தப் பச்சையைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான்” என்றான். நான் செய்த பிழையையும் சொன்னேன். கறுப்புத் தண்ணீர் கதை அவனுக்குத் தெரியாமலே போயிருக்கும், நான் மறைத்திருக்கலாம். அவன் தன்னையே நொந்துகொள்ளத் தொடங்கியதால் மறைக்க மனம் வரவில்லை. “விடுங்கோ அப்பா, ஐஞ்சு இருக்குத்தானே” என்றான். அந்த ஐந்தையும் தொலைபேசிக் கமராவில் ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னான். காட்டினேன்.

மறுநாள் படியில் சந்தித்தபோது டீச்சர் கேட்ட கேள்விதான் இன்னும் உறுத்துகிறது. “ஏன் தம்பி, இந்த முறை என்னட்டைச் சாவி தரேல்லை? கரண்ட் போன அண்டைக்கு உங்கட மீனைத்தான் நினைச்சனான். திறப்பு இருந்திருந்தா ஒருக்கா எட்டிப் பாத்திருப்பன்.” அவருக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்றுதான், என்று இழுத்தேன். தனியாக வாழும் அந்த அம்மாவுக்கு இறங்கிவந்து எங்கள் வீட்டுத் தொட்டிக்கு முன் பத்து நிமிடம் உட்காருவது சிரமமாகவே இருந்ததில்லை என்பதை அவருடைய முகம் சொன்னது. கருவிகள் வந்தபின் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து எத்தனை மாதமாயிற்று என்று அப்போதுதான் எண்ணிப்பார்த்தேன்.

கருவிகளைத் தூக்கி எறியவில்லை. தொழில்நுட்பத்தைச் சபித்துக் கட்டுரை எழுதும் வயதை எட்டிவிட்டேன் என்றாலும் அந்தப் பாவத்தைச் செய்ய விருப்பமில்லை. விளக்கு இன்றும் ஸ்மார்ட் பிளக்கில்தான் எரிகிறது, ‘முன்பிருந்த நிலை’க்குத் திரும்பும்படி மாற்றிவிட்டோம். வடிகட்டியை மட்டும் நேரே சுவரில் செருகி, குனியாமல் எட்டும் உயரத்துக்கு ஒரு சாதாரண சுவிட்ச் போடுவித்தேன். மின்சாரம் நின்றவுடன் தானாக இயங்கத் தொடங்கும் பற்றரிக் காற்றுப் பம்பியொன்றும் வாங்கினோம். அதன் குழாயில் நீர் பின்னோக்கி வழிந்து பம்பிக்குள் இறங்காமலிருக்க ஒருவழி வால்வு கட்டாயம். உணவுக் கருவி அலுமாரிக்குள் போய்விட்டது. அளவான மீன்களை நாலு நாள் பட்டினி போட்டால் அவை சாவதில்லை, அழுகிய தீனால்தான் சாகின்றன. சாவி டீச்சரிடம். இப்போது ஊருக்குப் போகாத நாட்களிலும் அவரிடம்தான் இருக்கிறது.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொன்றரை மணியளவில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததே காரணம் என்று அமைச்சர் சொன்னதும், குரங்கு உலகப் புகழ் பெற்றதும் நினைவிருக்கும். செய்தியாசிரியர் தொலைபேசியில் அவசரமாக அழைத்துக்கொண்டிருந்தார். அதற்கிடையில் மகனின் அழைப்பும் வந்தது. அங்கே நள்ளிரவு கடந்து ஒரு மணி. “அப்பா, நாலும் போட்டுது.” இலங்கை முழுவதும் போய்விட்டது தம்பி என்றேன். “பம்பி?” ஓடுது. அதன் சிறிய உறுமலைக் கேட்க ஒலிவாங்கியைக் கண்ணாடியோடு வைத்தேன்.

மின்சாரம் வர மாலையாகிவிட்டது. அதற்கு முன்னரே வடிகட்டியின் சுவிட்ச்சை அணைத்து, உருளையைக் கழற்றி, உள்ளே இருந்ததை வாளியில் ஊற்றி, பஞ்சுகளைத் தொட்டி நீரிலேயே அலசிவிட்டிருந்தேன். குளோரீன் உள்ள குழாய்நீரில் அலசினால் மிஞ்சிய பற்றீரியாவும் செத்துப்போகும். முதுகு வலித்தது. டீச்சர் மேலிருந்து இறங்கிவந்து, மெழுகுதிரியோடு பக்கத்துக் கதிரையில் இருந்தார். கரண்ட் வந்ததும் பேசும் பெட்டி விழித்துக்கொண்டு இணையத்தைத் தேடி மின்னத் தொடங்கியது. அம்மா அதற்குப் பொறுமை காட்டவில்லை.

“ஓஷன் ஓன்” என்றார்.

பிள்ளைக்கு இன்னும் காது கேட்கவில்லை. நான் எழுந்துபோய்க் கையாலே விளக்கைப் போட்டேன். டீச்சர் கண்ணாடியோடு முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினார். பதினொன்று என்றார். பிறகு, இல்லை, பொறுங்கோ, கல்லுக்குப் பின்னால் ஏதோ சின்னனாய் அசையுது என்றார்.